பஸ்டர் கீட்டனைச் சாய்த்தது பேசும் படமா?

"பேசும் படம் வந்ததும் பஸ்டர் கீட்டனின் மார்க்கெட் போய்விட்டது, அப்புறம் குடித்தே அழிந்தார்" என்று எங்கோ படித்ததாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மௌனப் படக் காலத்து அமெரிக்கக் காமெடி நடிகரும் இயக்குநருமான கீட்டன் குடித்தது உண்மை. மார்க்கெட் போனதும் ஒரு விதத்தில் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் பேசும் படம் இல்லை. அழிந்தும் போகவில்லை, எழுபது வயதில் சாகும்வரை கை நிறைய வேலையோடுதான் இருந்தார். கீட்டனைப் பற்றி எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிற இந்தக் கதை எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1895 அக்டோபர் 4-ம் தேதி, கான்ஸஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தவர். அது அவர்களுடைய சொந்த ஊர் இல்லை. அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்துகிற மேடைக் கலைஞர்கள். போன இடத்தில் பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான். பையன் நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் மேடை ஏறிவிட்டான். 'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் அவர்கள் போட்ட நிகழ்ச்சி ரொம்ப எளிமையானது: சொல்பேச்சு கேட்காத பிள்ளை, அவனைத் தூக்கி எறிகிற அப்பன். நிஜமாகவே தூக்கி எறிவார். பிடித்து வீச வசதியாக, பையனின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தினர் இதை எதிர்த்துப் பலமுறை புகார் செய்தார்கள். பையனோ அடிபடாமல் விழுவது எப்படி என்பதை எலும்பிலேயே கற்றுக்கொண்டான். இன்னொன்றையும் அந்த வயதிலேயே கவனித்தான். விழுந்துவிட்டுத் தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை; முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுந்து நின்றால் கொட்டகை அதிர்கிறது. பிற்பாடு உலகமே 'கல் முகம்' என்று கொண்டாடியது அந்த முகத்தைத்தான்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவயது முதல் இருபத்தொரு வயதுவரை மேடையில், மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசிப் பழகிய ஆள் அவர். குரல் கொஞ்சம் கரகரப்பான, கனமான குரல். பேசத் தெரியாததால் பேசும் படத்தில் தோற்றார் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

1917-ல் அப்பாவின் குடி எல்லை மீறிப்போய் மூவர் நிகழ்ச்சி உடைந்தது. பஸ்டர் தனியாக நியூயார்க் வந்தார். ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் வாரம் 250 டாலருக்கு வாய்ப்பும் கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் அன்றைய காமெடி நட்சத்திரம் ராஸ்கோ ஆர்பக்கிளின் ஸ்டுடியோவுக்குப் போய் வேடிக்கை பார்த்தவர், அன்றே ஒரு காட்சியில் நடித்தும் விட்டார். அங்கே சம்பளம் வாரம் 40 டாலர்தான். அப்படியும் மேடை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தார். நடிப்பை விட கேமரா பெட்டிதான் அவரை அதிகம் இழுத்தது. அதைக் கழற்றிப் பார்த்து, பிலிம் எப்படி ஓடுகிறது, பல்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் திருப்திப்பட்டாராம். இடையில் ராணுவத்துக்குப் போய் பிரான்ஸில் கொஞ்ச காலம். அங்கே வந்த காதுத் தொற்றில் கேட்கும் திறன் ஓரளவு போய்விட்டது. திரும்பி வந்ததும் 1920-ல் தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் அவருக்கென்று ஒரு தனி யூனிட் அமைத்துக் கொடுத்தார். சாப்ளின் முன்பு படமெடுத்த ஸ்டுடியோ கைக்கு வந்தது.

அடுத்த எட்டு வருடங்கள்தான் கீட்டனின் பொற்காலம். முதலில் குறும்படங்கள், 1923 முதல் முழுநீளப் படங்கள். முழு ஸ்கிரிப்ட் என்று ஒன்று இருக்காது. ஆரம்பமும் முடிவும் கிடைத்துவிட்டால் போதும், நடுவில் உள்ளது தானாக வந்துவிடும் என்பது அவர்கள் வழக்கம். அதே கேமராமேன்கள், காமெடிக்கு யோசனை சொல்கிற அதே நாலைந்து பேர், அதே கலை இயக்குநர் என்று ஒரு குடும்பம் மாதிரி இயங்கிய கூட்டம் அது. எடுக்கும்போது ஏதாவது தடங்கல் வந்தால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். யாருக்காவது யோசனை தோன்றினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் படப்பிடிப்பு. டூப் போடுவது அவருக்குப் பிடிக்காது. 'காலேஜ்' படத்தில் கோலூன்றித் தாண்டி மாடி ஜன்னலுக்குள் பாய்கிற ஒரு காட்சிக்கு மட்டும் 1924 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய லீ பார்ன்ஸை அழைத்துக்கொண்டார். 'ஷெர்லாக் ஜூனியர்' எடுக்கும்போது ரயில்வே தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரின் வேகத்தில் தண்டவாளத்தில் தலை மோதியது. சில நாள் தலைவலி, அப்புறம் மறந்துவிட்டார். பல வருடங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான், கழுத்தெலும்பு எப்போதோ உடைந்து கூடியிருக்கிறது என்று சொன்னார்.

அவர் வேலை செய்த விதம் புரிய ஒரே ஒரு ஷாட் போதும். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' 1927 கோடையில் சாக்ரமென்டோவில் எடுக்கப்பட்டது. சூறாவளிக் காட்சி. தெருவில் கீட்டன் நிற்கிறார். பின்னால் இருக்கிற வீட்டின் முன்சுவர் மொத்தமாகப் பெயர்ந்து அவர் மேலேயே சாய்கிறது. மேல்மாடி ஜன்னல் திறந்திருப்பதால் அந்த ஓட்டை வழியே தப்பித்து, ஒன்றும் நடக்காதது போல் நிற்கிறார். இதில் தந்திரக் காட்சி எதுவும் கிடையாது. சுவரின் எடை சுமார் இரண்டு டன். சாதாரண செட் தட்டி என்றால் காற்றில் வளைந்து திசை மாறிவிடும். நேராக, வளையாமல் விழ வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு கனமாகக் கட்டினார்கள். அவர் நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே அளந்து குறித்துவைத்தார்கள். தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இரண்டு அங்குலம்தான். சுவர் வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. குழுவில் சிலர் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதே காமெடியை 1920-ல் 'ஒன் வீக்' குறும்படத்தில் சின்ன அளவில் செய்து பார்த்திருந்தார். ஏழு வருடம் கழித்து அதையே இந்த அளவுக்கு வளர்த்தெடுத்தார். ஒரு யோசனையை விடாமல் வைத்திருந்து, காசும் ஆளும் நேரமும் கிடைக்கும்போது முழுசாகச் செய்து காட்டுவது தன் கையில் யூனிட் உள்ளவரால் மட்டுமே முடியும்.

சரி, அப்படிப்பட்ட யூனிட் ஏன் போனது? இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. பெயர்தான் கீட்டன் யூனிட். அந்தக் கம்பெனியில் கீட்டனுக்குப் பங்கு கிடையாது. சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் வாங்குகிற ஆள் அவர். சாப்ளினுக்குச் சொந்த ஸ்டுடியோ இருந்தது. அன்றைய இன்னொரு காமெடி நட்சத்திரம் ஹரால்டு லாயிட் தன் படங்களைத் தானே வைத்திருந்தார். கீட்டன் கணக்கு வழக்கு பக்கமே போகவில்லை. ஷென்க் மேல் அவ்வளவு நம்பிக்கை. போதாததற்கு உறவு வேறு: 1921-ல் கீட்டன் மணந்த நடாலி டால்மட்ஜின் அக்கா நார்மா, ஷென்கின் மனைவி. ஆக, முதலாளி சகலை. சகலையிடம் போய்ப் பத்திரத்தைக் காட்டு என்று எப்படிக் கேட்பது!

ஷென்க் மோசமான மனிதர் இல்லை. பல வருடம் கீட்டனை அவர் இஷ்டத்துக்கு விட்டவர் அவர்தான். ஆனால் 'தி ஜெனரல்' அந்தப் பொறுமையைச் சோதித்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் நிஜமாக நடந்த ஒரு ரயில் கடத்தலை வைத்து, ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் அருகே எடுத்த படம். எரிகிற பாலத்தின் மேல் நிஜ ரயில் எஞ்சினை ஓட்டி, பாலத்தோடு ஆற்றில் விழ வைத்தார்கள். அந்த ஒரு ஷாட்டின் செலவு மட்டும் சுமார் 42,000 டாலர் என்கிறார்கள். எஞ்சின் பல வருடம் அந்த ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப் போரின்போதுதான் பழைய இரும்புக்குப் போனது. மொத்தச் செலவு ஏழரை லட்சம் டாலர் அளவில். அமெரிக்காவில் வசூல் ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 1927-ல் நியூயார்க் விமர்சகர்கள் பலர் சிரிப்பே வரவில்லை என்று எழுதினார்கள். இன்று உலகின் மிகச் சிறந்த படங்களின் பட்டியல்களில் அது இடம்பெறுகிறது. தனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான் என்று கீட்டன் கடைசிவரை சொல்லிவந்தார். அந்த வருடம் அதற்குக் கிடைத்ததோ அடிதான். அடுத்த படமான 'காலேஜ்' கையைக் கட்டி எடுத்தது போல இருக்கும். அதற்கடுத்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' கிளைமாக்ஸில் முதலில் வெள்ளம்தான் இருந்தது. அந்த வருடம் மிசிசிப்பி வெள்ளத்தில் ஏராளமானோர் பாதிக்கப்பட்டிருந்ததால் மாற்றச் சொல்லிவிட்டார்கள். வெள்ளத்துக்குப் போட்ட செட்டுகளைச் சூறாவளிக்கு மாற்றியதில் செலவு இன்னும் ஏறியது. அதுவும் நஷ்டம்.

1928-ல் ஷென்க் யூனிட்டைக் கலைத்தார். தன் தம்பி நிக்கலஸ், ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோவான எம்ஜிஎம்மின் தாய்க் கம்பெனியில் தலைவராக இருந்ததால், கீட்டனை அங்கே அனுப்பி வைத்தார். போகாதே என்று சாப்ளினும் சொன்னார், லாயிட்டும் சொன்னார். வாரம் 3,000 டாலர் சம்பளம். கீட்டன் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையிலேயே தான் செய்த மிகப் பெரிய தவறு அது என்று பிற்பாடு பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

இந்த வருடத்தை நன்றாகப் பாருங்கள். அவர் எம்ஜிஎம்மில் எடுத்த முதல் இரண்டு படங்களும் மௌனப் படங்கள்தான். முதல் படம் 'தி கேமராமேன்' அற்புதமாக வந்தது. ஸ்டுடியோ எழுத்தாளர்கள் எழுதித் தந்த ஸ்கிரிப்டை ஓரங்கட்டிவிட்டுத் தன் பாணியில் எடுக்க, தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார். அடுத்த படத்திலேயே அந்தச் சலுகை குறைந்தது. பழைய ஆட்களை வேறு வேறு படங்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். டூப் இல்லாமல் விழக் கூடாது என்றார்கள். வாரம் 3,000 டாலர் வாங்குகிற சொத்துக்குக் கை கால் உடைந்தால் யார் பொறுப்பு? ஒவ்வொரு காமெடிக்கும் மேலதிகாரிகள், எழுத்தாளர்கள், டைரக்டர் என்று பலரின் சம்மதம் வேண்டும். இரண்டாவது படமான 'ஸ்பைட் மேரேஜ்' எடுக்கும்போது, இதைப் பேசும் படமாக எடுக்கலாம் என்று கீட்டனே கேட்டார். மறுத்தது ஸ்டுடியோ. ஒலியைக் கண்டு பயந்து ஒதுங்கியவராக அவரைச் சித்திரிப்பவர்கள் இந்த ஒரு தகவலைப் பார்த்தாலே போதும்.

அப்புறம் வந்த பேசும் படங்கள்? வசூலில் பரவாயில்லை என்ன, நன்றாகவே ஓடின. தோல்வி தியேட்டரில் இல்லை, திரையில். 1930-ல் வந்த 'ஃப்ரீ அண்ட் ஈஸி'யில் அவர் ஒரு அசட்டு மனிதன். மௌனப் படங்களில் கீட்டன் எப்போதும் அசடு மாதிரித் தொடங்கி, புத்தியால் ரயிலையும் கப்பலையும் சமாளித்துவிடுவார். இங்கே அவரைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்கிறார்கள். ஒரு பாட்டுக் காட்சியில் பொம்மலாட்டப் பொம்மையாக வேஷம் போட்டு, உடம்பில் கயிறு கட்டி மேலிருந்து ஆட்டுகிறார்கள். கடைசியில் காதலி வேறொருவனுடன் போக, கோமாளி மேக்கப்போடு சோகமாக நிற்கிறார். தன் முகத்தில் எதையும் எழுதிக் காட்டாமலேயே எல்லாவற்றையும் சொன்ன நடிகருக்குச் சோகத்தை வண்ணம் பூசி வரைந்துவிட்டார்கள். எனக்கு அந்தக் காட்சியைப் பார்ப்பது இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அன்று டப்பிங் நடைமுறை சரியாக வராததால் சில படங்களை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தனித்தனியாக எடுத்தார்கள். கீட்டன் அந்த வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து ஒவ்வொரு மொழியிலும் திரும்ப நடித்தார். கொஞ்ச நாளில் ஜிம்மி டுரான்டேவைச் சேர்த்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிற காமெடியன். இருவருக்கும் நட்பு உண்டு. ஆனால் இருவரின் தாளமும் ஒட்டவே இல்லை. ஒருவர் நிதானமாக யோசித்து ஒரு அசைவைச் செய்வதற்குள் இன்னொருவர் பத்து வசனம் பேசி முடித்திருப்பார்.

குடி முற்றியது இந்த வருடங்களில்தான். வேலையில் பிடிப்பு போனது, வீட்டிலும் நிம்மதி இல்லை. 1932-ல் நடாலி விவாகரத்து வாங்கினார். பெவர்லி ஹில்ஸில் 1926-ல் கட்டிய பெரிய மாளிகை போனது. இரண்டு மகன்களும் அம்மாவோடு போனார்கள். அவர்களுடைய குடும்பப் பெயரும் பிற்பாடு கீட்டனிலிருந்து டால்மட்ஜ் ஆனது. படப்பிடிப்புக்கு வராமல் போவது, வந்தாலும் நிதானத்தில் இல்லாமல் இருப்பது என்று தொடர, 1933 பிப்ரவரியில் எம்ஜிஎம் தலைவர் லூயி மேயர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். குடியின் பழி கீட்டனுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடியால் வேலை கெட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் வரிசை தலைகீழாகிவிடும். முதலில் போனது வேலையின் மேல் இருந்த உரிமை.

1933 முதல் நாலைந்து வருடம் உண்மையிலேயே இருட்டுக் காலம். குடிக்குச் சிகிச்சை எடுத்த இடத்தில் பழகிய நர்ஸோடு அவசரக் கல்யாணம், அதுவும் சீக்கிரம் முறிந்தது. 1935-ல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. இதற்கு நடுவிலும் எஜுகேஷனல் என்ற சின்னக் கம்பெனிக்கு 16 குறும்படங்கள் நடித்தார், பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் போய் ஒவ்வொரு படம் செய்தார். தரம் ஏறி இறங்கினாலும் வேலை நிற்கவில்லை. 1937-ல் அதே எம்ஜிஎம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் படங்களுக்குக் காமெடி யோசித்துத் தருகிற வேலை, சம்பளம் வாரம் 100 டாலர். மார்க்ஸ் சகோதரர்களுக்கும் ரெட் ஸ்கெல்டனுக்கும் யோசனை சொன்னார். 3,000 டாலர் வாங்கிய கேட்டுக்குள் 100 டாலருக்குப் போவது சாதாரண மனசுக்கு முடியாத காரியம். அவர் போனார், அம்மா, தம்பி, தங்கையையும் தன் செலவில் வைத்துக் காப்பாற்றினார்.

1940-ல் எலினார் நாரிஸ் என்ற நடனக்கலைஞரை மணந்தார். அவருக்கு 44, எலினாருக்கு 21. சீட்டாட்டத்தில் பிரிட்ஜ் கற்றுக்கொள்ள கீட்டன் வீட்டுக்கு வந்த பெண். சுற்றியிருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். கீட்டன் இறக்கும்வரை கிட்டத்தட்ட 26 வருடம் அந்தத் திருமணம் நிலைத்தது. 1947-ல் பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸில் அவரை அழைத்து ஆட வைத்தார்கள். சிறுவயதில் மேடையில் செய்த அதே விழுதல்கள், ஐம்பது வயதுக்கு மேல். கூட்டம் கொண்டாடியது. 1949 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி மௌனப் படக் காமெடியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, அமெரிக்காவுக்குக் கீட்டனை ஞாபகப்படுத்தியது. டிவியில் சொந்த நிகழ்ச்சி வந்தது. 1952-ல் சாப்ளினின் 'லைம்லைட்'டில் இருவரும் ஒரே மேடையில் வந்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், படங்கள் கிடைத்தது. பழைய மாளிகையை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே ஒரு மறைவிடத்தில் கீட்டன் படங்களின் ரீல்களைக் கண்டுபிடித்தார். கீட்டன் தன் கராஜில் வைத்திருந்த பிலிம்கள் நைட்ரேட் என்பதால் உளுத்துக் கொட்டத் தொடங்கியிருந்தன. 1954-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தியேட்டர் நடத்திய ரேமண்ட் ரோஹாவர் அவற்றை வாங்கி, பாதுகாப்பான பிலிமுக்கு மாற்றி, உரிமைச் சிக்கல்களையும் பின்தொடர்ந்தார். உரிமை விஷயத்தில் ரோஹாவரைத் திட்டுகிறவர்கள் நிறைய உண்டு. இருந்தாலும் அன்று அவர் இறங்கியிருக்காவிட்டால் நாம் இழந்திருக்கக்கூடிய படங்கள் அதிகம். தன் வாழ்க்கைக் கதையின் உரிமைக்கு பாராமவுண்ட் தந்த 50,000 டாலரில் கீட்டன் உட்லேண்ட் ஹில்ஸில் வீடு வாங்கினார். 1957-ல் வெளிவந்த அந்தப் படம் பொய் மூட்டை. வீடு மட்டும் நிஜம். அங்கே கோழி வளர்த்தார், தோட்டத்தில் பொம்மை ரயில் ஓட்டினார். 1960-ல் கௌரவ ஆஸ்கர் வந்தது. விளம்பரங்கள், டிவி, சின்ன வேடங்கள் என்று கால்ஷீட் நிரம்பியிருந்தது. 1965-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1-ம் தேதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். நோயின் தீவிரத்தை வீட்டார் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை ஸ்பெயினில் ஒரு படத்துக்காக ஓடிக்கொண்டிருந்தார்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய ஒரு வழி சொல்கிறேன். அவருடைய மௌனப் படங்களில் முக்கியமானவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் 'ஒன் வீக்', இருபது நிமிடம்தான். பிறகு 'ஷெர்லாக் ஜூனியர்', 'தி ஜெனரல்'. அதற்கப்புறம் 1928-ன் 'தி கேமராமேன்', அது முடிந்த கையோடு 1930-ன் 'ஃப்ரீ அண்ட் ஈஸி'. இரண்டும் ஒரே ஸ்டுடியோ, ஒரே டைரக்டர் எட்வர்ட் செட்ஜ்விக், ஒரே நடிகர், இடையில் இரண்டே வருடம். இரண்டாவதைப் பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் அந்தப் படம் தேறாது.